சகலை வைத்த சிவப்புப் புள்ளி

இது கதை இல்லை. கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால், பத்தொன்பது வருடமாக ஈயம் உருக்கும் சால்டர் புகையை முகர்ந்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இதில் வரும் நேரங்கள் எல்லாம் சரியானவை. எங்கள் ரிப்பேர் கடையில் ஒரு செட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அட்டையில் நேரம் எழுதுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் மற்றதையும் எழுதி வைத்தேன். பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

எங்களுடையது ஆடியோ சர்வீஸ் கடை. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், சவுண்ட்பார் எல்லாம் பார்ப்போம். வாரண்டி முடிந்த மறுநாளே மண்டையைப் போடும் சாமான்கள்தான் எங்களுக்குச் சோறு போடுபவை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில்லில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டுக் கையை விரிப்பார்கள். புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். வாங்கியவர்கள் அங்கிருந்து நேராக எங்களிடம் வருவார்கள், ஆஸ்பத்திரி கைவிட்ட நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல.

எங்கள் கடை என்றால், நானும் சகலையும். சகலை என் மனைவியின் தங்கை புருஷன். என்னைவிட ஆறு வயது சின்னவன். இருவரும் பங்காகக் கடை போட்டுப் பதினொரு வருடம். ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு சாவி. முதலில் வருகிறவர் கடையைத் திறப்பார்.

அவன்மேல் எனக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? பார்த்தாலே வயிறு எரியும். கடைக்குள் நுழைகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆனால் அவன் மேஜைக்குத்தான் போவார்கள். அவன் வெளியே போயிருந்தால், "அவர் வர்ற வரைக்கும் இருக்கேன்" என்று என் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்கள். என் மாமியார் ஒருநாள், மூத்த மாப்பிள்ளை நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, தன் ரேடியோவை அவனிடம் கொண்டுபோய் வைத்தார். "சின்னவர் கை பட்டாத்தான் பாடும்" என்றார். அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. முதலில் என்னைப் போலத்தான் திணறுவான். மீட்டரை வைத்து அங்கும் இங்கும் குத்திப் பார்ப்பான். செட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். மறுநாள் காலை அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். நெயில் பாலிஷ். முடுக்கிய திருகு தளராமல் இருக்க நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் இவனுடைய செட்டில் அது பழுதான பாகத்தின் மேல் இருக்கும். அதை மாற்றுவான். செட் பாடும். ஒருநாளும் தவறியதில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறான், எப்போது வந்து வைக்கிறான் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் நான் தோற்றுவிட்டதாக ஆகிவிடும். அவனும் சொன்னதில்லை. புள்ளியைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான், உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அவன் இறந்துபோனான். மாரடைப்பு. கடையிலேயே, அவன் மேஜைமேலேயே சாய்ந்தான். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். ஆனால் ஒரு மாதம் கழித்துக் கடையைத் திறந்தபோது, இனிமேல் வருகிறவன் என்னைத்தானே கேட்டாக வேண்டும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த நினைப்பு இனித்தது.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். கையில் கனமான ஆம்ப்ளிஃபையர். திங்கட்கிழமை காலை 10:50.

"அவர் இல்லையா?"

"தவறிட்டார் சார்."

"அடடா... அப்போ இதை யார் பார்ப்பா?"

"நான்தான் சார்."

"நீங்களா?" என்றார். சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "வாரண்டி முடிஞ்சு ஒன்பது நாள்தான் ஆகுது. பார்த்து செய்ங்க."

இருபது நிமிடம் நன்றாகப் பாடும். பிறகு இடது பக்கம் மட்டும் செத்துவிடும். இதுதான் பழுது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பாகமாக மீட்டர் வைத்தேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. புதன்கிழமை மாலை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழன் காலை 9:12. ஷட்டரைத் தூக்கினேன். மேஜைக்கு வந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

போர்டில் ஒரு சிவப்புப் புள்ளி. விரலால் தொட்டேன். பிசுக்கென்று ஒட்டியது. ஈரம் காயவில்லை.

என் சாவி என் இடுப்பில். சகலையின் சாவி அவன் வீட்டு பீரோவில். பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். செத்தும் என்னை விடமாட்டானா இவன்? புள்ளி இருந்த இடத்தில் சால்டரிங் இரும்பை வைத்து மறுபடி பற்றவைத்தேன். ஆம்ப்ளிஃபையர் நாள் முழுக்கப் பாடியது. நான் இரண்டு தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று விட்ட இணைப்பு அது.

பல் டாக்டர் வந்து பாட்டுப் போட்டுக் கேட்டார். முகம் மலர்ந்தது. "அவர் செஞ்ச மாதிரியே இருக்கு" என்றார். நல்ல வார்த்தைதான் சொன்னார். எனக்கு அது செருப்படியாக விழுந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு புள்ளிகள். நான் திணறும் செட்டில் மட்டும்தான் வரும், மறுநாள் காலை, ஈரத்தோடு. பேர் எனக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னை யாரோ முதுகில் தட்டி, "தள்ளு, உனக்கு வராது" என்று சொல்வதுபோல இருந்தது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரே ஒரு செட்டாவது அவன் உதவி இல்லாமல் நானே சரிசெய்ய வேண்டும். அதற்கு அவன் புள்ளி வைக்கும் நேரத்தில் நான் அங்கே இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. ஆள் இல்லாத கடைக்குப் பகலிலும் வருவான் என்று ஒரு கணக்கு. மதியம் 3:05.

உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொண்டேன். மேஜை விளக்கு மட்டும். சத்தம் கேட்கவேண்டும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். பாட்டு டீச்சர் ஒருவரின் பழைய செட் திறந்து கிடந்தது. பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரையும். இரண்டு நாளாக எனக்குப் பிடி கொடுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தேன்.

3:22. வாசனை. நெயில் பாலிஷ் வாசனை. மூக்கில் சுரீரென்று ஏறியது. கடையில் அந்த பாட்டில் இல்லை. என் பாட்டில் தீர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

3:26. சத்தம்.

டிக்... டிக்... டிக்...

நெயில் பாலிஷ் பாட்டிலைக் குலுக்கினால் உள்ளே ஒரு சின்னக் குண்டு உருளுமே... அந்தச் சத்தம். சகலையின் மேஜைப் பக்கமிருந்து.

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை என்பதுதான் உண்மை.

"சகலை... நீயா?"

சத்தம் நின்றது.

போர்டைப் பார்த்தேன். புள்ளி இருந்தது. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

அந்தப் பயத்திலும் எனக்குள் பழைய எரிச்சல் மூண்டது. பாலிஷைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்தேன். துடைத்தேன். சுத்தமாகப் போய்விட்டது.

"உன் புள்ளி எனக்கு வேணாம்."

டிக்... டிக்... டிக்...

இப்போது அந்த மேஜையில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால்.

3:31. மறுபடி புள்ளி. அதே இடம்.

துடைத்தேன்.

3:33. மறுபடி.

துடைத்தேன். துடைத்த கையோடு அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டேன். இப்போது வை பார்க்கலாம்.

சத்தம் இல்லை.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

என் உள்ளங்கைக்கு அடியில்...

ஜில்லென்று...

ஒரு தூரிகை முனை நகர்ந்தது.

கையை எடுத்தேன்.

போர்டில் புள்ளி. வட்டமாக. கலையாமல். ஈரமாக.

என் உள்ளங்கையில் ஒரு துளி சிவப்பு இல்லை.

ஷட்டரை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. பூட்டினேனா என்றும் தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சகலை வீட்டுக்குத்தான் போனேன். அந்த நெயில் பாலிஷ் பாட்டிலை வாங்கி உடைத்துப் போட்டால் எல்லாம் ஒழிந்துவிடும் என்று நினைத்தேன்.

4:15. கொழுந்தியாள் கதவைத் திறந்தாள்.

"என்ன மாமா? முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?"

"அவனோட நெயில் பாலிஷ் எங்கம்மா? அதைக் குடு."

"எந்த நெயில் பாலிஷ்?"

"சிவப்பு. செட்டுல புள்ளி வைப்பானே..."

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "எனக்கு அந்த வாசனையே ஆகாது மாமா. இந்த வீட்டுக்குள்ள அது வந்ததே இல்ல. புள்ளி வைக்கிறது நீங்கதானே?"

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

"தினம் வீட்டுக்கு வந்து புலம்புவாரு" என்றாள். "'எனக்கு ஒரு எழவும் பிடிபடல, சகலைதான் விடியக்காலையில வந்து பார்த்து வெச்சுட்டுப் போறாரு. அவருக்கு எப்படித்தான் தெரியுதோ. பேர் எனக்கு வருது, மூளை அவரோடது. ஒரு வார்த்தை சொல்லிக்காட்ட மாட்டேங்குறாரு, மனசுக்குள்ள என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு'ன்னு. உங்களை நெனச்சா அவருக்கு அவ்வளவு பொறாமை மாமா. சில நாள் தட்டை அப்படியே தள்ளி வெச்சுட்டுப் படுத்துருவாரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொரு வருடம் அவன் புள்ளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது கிண்டல் இல்லை. தோற்றவன் அசடு வழியச் சிரித்த சிரிப்பு. நான் அவனைப் பார்த்து வெந்தேன். அவன் என்னைப் பார்த்து வெந்திருக்கிறான். புள்ளியை நான் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

"கடைசியில அவர் சட்டையிலகூட வெச்சு விட்டீங்களே" என்றாள் அவள்.

"எ... என்னது?"

"போறதுக்கு முந்தின நாள். கடையிலருந்து வந்து சட்டையைக் கழட்டும்போதுதான் பார்த்தாரு. இடது பக்கம், பாக்கெட்டுக்குக் கீழ, சிவப்பா ஒரு புள்ளி. ராத்திரியே துவைச்சேன், போகல. 'சகலை விளையாடுறாரு, நாளைக்கு நேராவே கேட்டுடறேன்'னு மறுநாள் அதே சட்டையைத்தான் மாட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. கேட்டாரா மாமா?"

கேட்க வந்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலை 10:10. ஹெட்ஃபோன் மாட்டி ஒரு செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து என் மேஜை முன்னால் நின்றான். கையை நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு, "சகலை, ஒரு விஷயம் கேக்கணும்" என்றான். முந்தின நாள் மாலைதான் ஒரு அம்மா அவனை என் காதுபட ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டுப் போயிருந்தாள். அவன் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காததுபோல வால்யூமை ஏற்றிவைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான். 11:25க்குச் சாய்ந்தான்.

"இல்லம்மா" என்றேன். "கேக்கல."

பாட்டு டீச்சரின் செட்டைச் செவ்வாய்க்கிழமை முடித்தேன். புள்ளி இருந்த பாகத்தைத்தான் மாற்றினேன். வேறு எதையும் தொட எனக்குத் தைரியம் இல்லை. மாலை 5:30க்கு டீச்சர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"உங்க சகலையைத்தான் எல்லாரும் பெருசாச் சொல்வாங்க" என்றார். "அவரைவிட நீங்க கெட்டிக்காரருங்க."

பதினொரு வருடமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை அது. நன்றி சொல்லி, அட்டையில் நேரம் எழுதி, செட்டை அவர் காரில் ஏற்றிவிட்டு வந்தேன். பிறகு விளக்கடியில் நின்று, குனிந்து, என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.