சத்தம் வராத கசெற்

கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த முதல் வருடம் அம்மாவுக்கு விளங்கிய ஆங்கிலப் படங்கள் ஆங்கிலமே பேசாத படங்கள்தான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு சனலில் பழைய அமெரிக்க ஊமைப் படங்கள் போடுவார்கள். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்றும் கால் மணித்தியாலம் ஓடும். அதில் வரும் ஆட்கள் எல்லோரும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்கள்போல விறுவிறென்று நடப்பார்கள். ஏணியோடு திரும்புகிறவன் பின்னால் நிற்பவனை இடித்து விழுத்துவான். பொலிஸ்காரர் வரிசையாகச் சறுக்கி விழுவார்கள். யாராவது ஒருவரின் முகத்தில் கிறீம் கேக் வந்து அப்பும். நடுவே எழுத்து வந்தால் ஏழு வயதுக்காரியான நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"அதை விடு பிள்ளை, அவன் இப்ப விழப்போறான் பார்" என்பார்.

அவனும் விழுவான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மற்ற நாட்களில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. யாராவது விழுந்தால் சிரிக்க வேண்டும் என்று எனக்கும் பழகிவிட்டது.

அந்த மாரியில் ஊரில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். எங்கள் அகதிக் கோரிக்கை முடியாததால் அம்மா போக வழியில்லை. அப்படிப் போக முடியாத பிள்ளைகளுக்குச் செத்தவீட்டை வீடியோ எடுத்து அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் அம்மாவுக்கும் ஒரு கசெற் வந்தது. தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, தரையில் பாய் விரித்து இருந்தார். பக்கத்து வீட்டு அன்ரியும் துணைக்கு வந்திருந்தார்.

அப்பா கசெற்றை டெக்கில் போட்டார். படத்தில் நிறமும் இல்லை, சத்தமும் இல்லை. கோடுகள் மேலும் கீழும் ஓட, ஆட்கள் விறுவிறென்று நடந்தார்கள். எந்த மெஷினுக்கும் அப்பாவிடம் இருந்த ஒரே வைத்தியம் தலையில் தட்டுவது. தட்டிப் பார்த்தார்.

"உது ஊர்க் கசெற் அண்ணை, இஞ்சத்தை டெக்கிலை ஒழுங்கா ஓடாது. பிளாசாவிலை வீடியோக் கடைக்காரரிட்டைக் குடுத்தால் மாத்தித் தருவார்" என்றார் அன்ரி.

அம்மா நிறுத்த விடவில்லை. திரையில் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாகப் பெட்டியைச் சுற்றி வந்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் வாசல் படலையை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்த அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கைகளை விரித்தபடி முற்றத்தில் தொப்பென்று விழுந்தார். தூக்க வந்தவரும் தடுக்கி அவருக்குப் பக்கத்தில் விழுந்தார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்பா கை ஓங்கினார். மற்ற நாள் சிரித்தால் பேசாமல் இருப்பவர் இன்றைக்கு அடிக்க வருவது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

"விடுங்கோ. சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்" என்றார் அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைக்காரர் மாற்றிக் கொடுத்த கசெற் அடுத்த கிழமை வந்தது. நல்ல நிறம், தெளிவான சத்தம். தானே பழுது பார்த்ததுபோல அப்பா பெருமையாகப் போட்டார். "என்ரை அப்பு, என்னை விட்டிட்டுப் போட்டியளே" என்று சின்னம்மா குளறி அழுதது அறை முழுக்கக் கேட்டது. அம்மா எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ" என்று அங்கிருந்தே சொன்னார்.

அந்தக் கசெற்றை அவர் பிறகு தொட்டதே இல்லை. ஆனால் அப்பா வேலைக்குப் போன பின்னேரங்களில் பழையதை எடுத்துப் போடுவார். நானும் பக்கத்தில் போய் இருப்பேன். சத்தம் வராததால்தான் அவரால் தன் அப்பாவின் செத்தவீட்டை முழுதாகப் பார்க்க முடிந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தப் படம் அவருக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிடித்த படத்துக்குச் சிரிக்க மறந்துபோகிறாரே என்று, சின்னம்மா விழும் இடம் வரும்போதெல்லாம் அவருக்கும் சேர்த்து நானே பலமாகச் சிரித்தேன்.