அடைக்கோழி அக்கா

எங்கள் ஆய்வகத்தில் அக்காவுக்கு அடைக்கோழி என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். செல் வளர்க்கும் பெட்டியை விட்டு நகரவே மாட்டார். "முப்பத்தேழு டிகிரி இருக்கா, பாத்தியா?" என்று மணிக்கு நாலு தடவை கேட்டு என் உயிரை வாங்குவார். "பெத்த பொண்ணுங்களைக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க" என்றால், "அதுங்களுக்கு வாய் இருக்கு, கேட்டு வாங்கிக்கும். இதுங்களுக்கு எங்கடா வாய்?" என்பார். பத்தொன்பது வருஷம் இதே வேலை.

வேலை இதுதான். புற்றுநோயாளியின் ரத்தத்திலிருந்து ஒருவகை வெள்ளணுவைப் பிரிப்போம். ஒரு மருந்தை ஊற்றி வளர்த்தால் அது விழுங்குசெல் ஆகும். தட்டின் அடியில் சப்பென்று ஒட்டிக்கொண்டு கண்டதையும் தின்னும். வேறு மருந்தை ஊற்றினால் கிளைச்செல் ஆகும். உடம்பெல்லாம் கை முளைத்து மிதக்கும். எதிரியின் ஒரு துண்டைக் கொண்டுபோய் மற்ற செல்களிடம் "இவன்தான்" என்று காட்டிக்கொடுக்கும். நோயாளிக்கு வேண்டியது கிளைச்செல். கட்டியின் அடையாளத்தை அதற்குக் காட்டி, அவர் உடம்பிலேயே திரும்ப ஏற்றுவார்கள். விழுங்குசெல் வளர்ப்பது பக்கத்து மேசை ஆராய்ச்சிக்கு.

"ஈரல்ல, மூளையில இருக்கிற விழுங்குசெல்லுல முக்காவாசி, நாம அம்மா வயித்துல இருக்கும்போதே குடிவந்த பழைய ஆளுங்க" என்பார் அக்கா. "நம்மகிட்ட வர்றது எலும்பு மஜ்ஜையில பொறந்த நாடோடிக் கூட்டம். நாம ஊத்துறதுதான் அதுங்க தலையெழுத்து."

நோயாளியாக வந்த பஸ் டிரைவர் ஒருவருக்கு ரத்தம் எடுத்தது ஒரு விடுமுறை நாளில். சிறுநீரகத்தில் தொடங்கிய புற்று நுரையீரல்வரை வந்திருந்தது. எடுத்து முடித்ததும் மயங்கிவிட்டார். "இன்னொரு தடவை எடுத்தா தாங்க மாட்டார், இதுதான் கடைசி" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்து ஊற்றுவதற்கு ஒரு விதி உண்டு. ஒருவர் குப்பியின் லேபிளைச் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர் ஊற்ற வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்று நான் நாற்பது நிமிஷம் தாமதம். குழந்தைக்குக் காய்ச்சல், அது இது என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் தூங்கிவிட்டேன். "செல்லு காத்திருக்குமாடா? நானே ஊத்திட்டேன். கையெழுத்தைப் போடு" என்றார் அக்கா. போட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் டிரைவரின் மனைவி வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு எப்படி இருக்காங்க?" என்று செல்களை மரியாதையாக விசாரித்தார். "சௌக்கியமா இருக்காங்கம்மா" என்று அக்கா சிரித்தார்.

மூன்றாம் நாள் அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட மிதக்கவில்லை. அத்தனையும் அடியில் ஒட்டிக்கொண்டு, கொழுகொழுவென்று, விழுங்குசெல்லாக உட்கார்ந்திருந்தன. இரண்டு மருந்துக்கும் ஒரே அளவுக் குப்பி, ஒரே வெள்ளை மூடி, லேபிளில் உறைபனி. துடைத்துப் படிக்க ஆள் இல்லை. ஐயோ, நான் படித்திருக்க வேண்டியது!

"செல் வளரலைன்னு சொல்லிடுங்க" என்றது மேலிடம். அக்கா கேட்கவில்லை. நேரே வாசலுக்குப் போய், "நான் மருந்தை மாத்தி ஊத்திட்டேம்மா" என்றார். அந்த அம்மா கத்தவில்லை. "அப்ப மறுபடியும் எடுக்கலாம்ல? எடுக்கலாம்ல?" என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

விசாரணைக்குப் போகும் முன் அக்கா என்னைப் படிக்கட்டில் மறித்தார். "உனக்குக் கைக்குழந்தை. நீ வாயத் தொறக்காத" என்றார். உள்ளே, "தம்பி சரியாத்தான் படிச்சான். அப்புறம் நான்தான் குப்பியை மாத்தி எடுத்துட்டேன்" என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய பெண் வந்து கைபிடித்துக் கூட்டிப்போனாள்.

இருபத்துமூன்றாம் நாள் டிரைவர் இறந்தார். அவர் மனைவி மருத்துவ அறிக்கைகளை வாங்க வந்தபோது என்னைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொம்பளைய என்னால மன்னிக்க முடியலை தம்பி. ஆனா நீங்க ஒழுங்காப் படிச்சீங்களாம். அந்த நல்ல மனசுக்கு நீங்க நல்லா இருக்கணும்."

"சரிம்மா" என்றேன்.