உள்ளேயும் பெயிண்ட் அடித்த டிரம்

துபாயிலிருந்து திரும்பிய வருஷம், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக் கொல்லையில் கோழியைப் புகையில் வாட்டித் தின்ன ஆசைப்பட்டேன். ஆம்பூரில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர், மூடியும் கம்பி வலையும் பொருத்திய டிரம்மைக் காட்டினார்.

"கழுவுற வேலையே கிடையாது சார். சாம்பலைக் கொட்னா போதும். சமையல் எண்ணெய் வந்த டிரம்மு."

நர்ஸான என் மனைவி உள்ளே குனிந்து பார்த்தாள். "எண்ணெய் டிரம்முன்னா உள்ள எதுக்குப் பெயிண்ட் அடிச்சீங்க?"

"துரு புடிக்கக் கூடாதுன்னுதாம்மா."

அவள் வண்டிச் சாவியால் சுரண்டினாள். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில், ஊரில் தோல் பதனிடும் டேனரிகளின் வாய்க்காலில் ஓடும் அதே ரசாயனப் பச்சை நிறம் படிந்திருந்தது. கடைக்காரர் மூடியைச் சாத்தினார்.

கடைசியில் கொல்லையில் செங்கல் அடுக்கித்தான் கோழியைப் புகைத்தோம். அந்தச் செங்கல்லையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்த பிறகே அவள் அடுக்கவிட்டாள்.