நாலு மோட்டாரும் ஒரு பீரோவும்

என் அண்ணனோடு சேர்ந்து பீரோ தூக்கியவர்கள் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். மூலைக்கு ஒருவராக நான்கு பேர். ஒவ்வொரு படி ஏறும் முன்னும் நால்வரும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் வரவில்லையா, மற்ற மூவரும் பாரத்தோடு அப்படியே நிற்க வேண்டியதுதான்.

"தும்மினேன் மச்சான், அதுக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கத்துவார்.

"தும்மினா நிப்போம் மாப்பிள்ளை. ஒண்ணும் அவசரமில்ல."

இந்தப் பிடிவாதத்தை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் ஓர் இடம் இருந்தது. நான் உடை தைக்கும் அதே நாடக அரங்கம்தான். மேடையில் ஆளைப் பறக்கவிட நான்கு கம்பிகள், நான்கு மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர். அவற்றுக்கு நடுவே சேதி கொண்டுபோகிற புரோகிராம் அண்ணன் எழுதியது. 'இருக்கேன், இந்த உயரத்தில் இருக்கேன்' என்று ஒவ்வொரு மோட்டாரும் கண் இமைப்பதற்குள் பலமுறை மற்ற மூன்றுக்கும் சொல்லும். ஒரு சேதி தாமதமானாலும் நான்கும் பிரேக் போட்டு நின்றுவிடும்.

"பழைய சேதிய நம்பி இழுத்தா ஆள் கவுந்துடும்மா," என்பான். என் ஜரிகைக்குக் கை தட்டுகிற ஜனத்துக்கு இவன் இருப்பதே தெரியாது. அதைப் பற்றி அவனும் ஒரு நாள் அலுத்துக்கொண்டதில்லை.

புது நாடகத்தின் முதல் காட்சியில் பறந்தவள் என் மகள். பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரத்தில், அந்தரத்தில் டக்கென்று நின்றுவிட்டாள். அரங்கமே கொல்லென்று சிரித்தது. நான் அண்ணனிடம் ஓடினேன்.

திரையை இறக்கிவிட்டு இயக்குநர் ஓடிவந்து குதித்தார். "மானம் போகுதுய்யா! மூணு மோட்டார் நல்லாத்தானே இருக்கு? அத வெச்சு ஓட்டு!"

"நாலாவது எங்க இருக்குன்னு தெரியல சார். ஓட்ட மாட்டேன்."

"வேலை போயிடும், பாத்துக்க!"

"போகட்டும் சார்."

நான் வேறு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அண்ணா, என் பொண்ணு அங்க தொங்குறா! எப்படியாவது இறக்கு!"

"இறக்கத்தான் போறேன். கையால."

மோட்டார்களில் கையால் சுற்றும் பிடி உண்டு. மேலே ஏறினோம். நாலாவது மோட்டாரில் சேதி போகிற வயர் அறுந்து தொங்கியது. மூன்றை மட்டும் ஓட்டியிருந்தால் என் மகள் தலைகுப்புறக் கவிழ்ந்திருப்பாள். அண்ணன் ஒரு பிடி, விளக்குக்காரர் ஒரு பிடி, நான் ஒரு பிடி. நாலாவதுக்கு ஆளில்லாமல் இயக்குநரே வந்து நின்றார்.

"ஒரு சுத்து. இருக்கேன்," என்றான் அண்ணன்.

"இருக்கேன்," என்றார் விளக்குக்காரர்.

"இருக்கேன்," என்றேன் அழுதுகொண்டே.

நாலாவது பக்கம் பேச்சு மூச்சில்லை. யாரும் அசையவில்லை.

கீழே தொங்கிய என் மகள் கத்தினாள். "சார், சொல்லுங்க சார்! சொன்னாத்தான் மாமா இறக்குவார்!"

"இருக்கேன்யா, இருக்கேன்!"

சுற்றுக்குச் சுற்று அதையே சொல்லி இறக்கினோம். அவள் கால் மேடையில் பட்டதும், "இருக்கேன் மாமா!" என்று மேலே பார்த்துச் சிரித்தாள். இவனைப் போய்ப் பிடிவாதக்காரன் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறோம்!

இயக்குநர் மட்டும் வியர்த்து வழிந்தபடி பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் விடலாமாப்பா?"

"இப்ப விடலாம் சார்," என்றான் அண்ணன்.