உலகம்மையின் கண்மைப் படங்கள்

உலகம்மைக்குக் கை சும்மா இருக்காது. நெல் அவித்துக் காயப்போட்டுவிட்டு மற்றப் பெண்கள் முந்தானையை விரித்துத் தலைசாய்க்கிற மத்தியானத்தில் அவள் மட்டும் அடுக்களைக்கும் புறவாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். பூதப்பாண்டியில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் மாமியார் பகவதியம்மை அண்டை வீட்டுக்காரியிடம், "இவளக் காலுல சக்கரம் கட்டியாக்கும் பெத்துவிட்டிருக்கா" என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அதைக் கேட்டும் நடைதான் கூடியது.

அந்தக் கைகளுக்கு ஒரு வேலை அகப்பட்டது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழில். வீட்டுக்குக் கண்மை கூட்டுவது அவள் பொறுப்பு. விளக்குக்கு மேல் கவிழ்த்த தட்டில் படியும் கரியைச் சுரண்டி, ஆமணக்கெண்ணெய் விட்டு, ஒரு கண்ணாடியின்மேல் வைத்துக் குழைப்பாள். கறையான் தின்றுபோன சாமி படத்திலிருந்து மிஞ்சிய கண்ணாடி அது. ஒருநாள் காற்றில் பறந்த திருவிழா நோட்டீசு ஒன்று அந்த மையில் போய் ஒட்டிக்கொண்டது. சலிப்போடு உரித்தாள். கண்ணாடியில் அவள் விரல் போன போக்கெல்லாம் தாளின் பின்பக்கத்தில் வெள்ளைக் கோடுகளாக வந்திருந்தன.

அன்றோடு பிடித்தது. கண்ணாடி முழுக்க மையைத் தடவி, ஈர்க்கிலாலும் துணியாலும் வேண்டிய இடத்தில் வழித்தெடுப்பாள். வழித்த இடம் வெளிச்சம், விட்ட இடம் இருட்டு. லேசாக ஈரம்காட்டிய தாளைப் பரத்தி அகப்பையின் முதுகால் தேய்த்து உரித்தால் ஒரு படம். ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது தாளை வைத்தால் ஆவி போன மாதிரி ஏதோ வரும், அதை அடுப்பில் போட்டுவிடுவாள். வைக்கோல் போர், வயலில் கொக்கு, குளத்தில் எருமை, தாடகை மலை என்று ஒன்று முடியுமுன்னே அடுத்ததற்குக் கை துடிக்கும். கண்ணாடியில் இடப்பக்கம் கீறியது தாளில் வலப்பக்கம் வந்து விழுவதை அவள் பார்த்திருந்தாள்தான். மரத்துக்கும் எருமைக்கும் இடமென்ன, வலமென்ன?

நாத்தனார் பிச்சம்மாளுக்கு அப்படியில்லை. அவளுடைய வலக்கன்னத்தில் மிளகளவு ஒரு மறு இருந்தது. பெண்ணுக்கு இடப்பக்கம் மறு இருந்தால் லட்சுமி, வலப்பக்கம் இருந்தால் புகுந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அந்த மிளகுக்காகவே முந்தின வருஷம் ஒழுகினசேரிச் சம்பந்தம் முறிந்தது. அவளோடு படித்த பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு தேருக்கு வந்து போனார்கள். பிச்சம்மாள் தேர் பார்க்கப் போவதையே விட்டுவிட்டாள்.

அந்த வேளையில் சுசீந்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தெய்வநாயகம், திருவனந்தபுரத்தில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. லீவு கிடைக்காது, பெண்ணின் போட்டோ இருந்தால் அனுப்புங்கள் என்று அவனை வளர்த்த அத்தை நீலம்மை சொல்லிவிட்டாள். பகவதியம்மை போட்டோ என்ற சொல்லுக்கே காதைப் பொத்தினாள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும்.

"உம் பெண்டாட்டி மைய அப்பி என்னமோ செய்யுகாளே, அதுல ஒண்ணு அனுப்பப்பிடாதா?" என்று மகன் குலசேகரனிடம் கேட்டாள்.

பிச்சம்மாளைப் புறவாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தாள் உலகம்மை.

"மயினி, மறுவ விட்டிராதீங்கோ. அப்புறம் மறைச்சோம்னு வரும்."

"எல்லாம் தெரியும். நீ ஆடாம இரிட்டி."

படம் அவளே நம்பாத அளவுக்கு வந்துவிட்டது. சற்றே தாழ்ந்த இமை, சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்ட உதடு, கன்னத்தில் மறு. எண்ணெய் ஊறித் தாளின் ஓரம் மஞ்சளித்திருந்தது ஒன்றுதான் குறை. எட்டவைத்தும் கிட்டவைத்தும் பார்த்துப் பூரித்தாள். எந்தக் கன்னம் என்று மட்டும் பார்க்கவில்லை.

பத்துநாள் போலக் கழித்து, படத்தைக் கொண்டுபோன கல்யாணத் தரகர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "நீலம்மைக்கு ரொம்பத் திருப்தி கேட்டியளா? இடக்கன்னத்துல மறு, மகாலட்சுமியாக்கும் வாறான்னு நாலு பேருகிட்ட சொல்லியாச்சு. படத்தையும் பையனுக்கு அனுப்பியாச்சு."

அடுக்களையில் நின்ற உலகம்மை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். தரகர் படியிறங்கியதும் மாமியாரிடம் ஓடினாள்.

"அத்த, படம் இடம் வலமா மாறியாக்கும் வரும். நான் நெனைக்கல்ல. சொல்லிவிடணும்."

பகவதியம்மை வெற்றிலையை மடித்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள். "தானா வந்த லட்சுமிய நீ எதுக்குட்டி வெரட்டுகே? கொஞ்சம் பவுடரு, கொஞ்சம் தலையச் சாச்சு இருந்தாப் போரும்."

"காலம் பூரா சாச்சுக்கிட்டா இருப்பா?"

"வாய மூடு."

குலசேகரனிடம் சொன்னாள். நாளை சுசீந்திரம் போகிறேன் என்றான். மறுநாள் வரப்புத் தகராறு, அதற்கு மறுநாள் உரவண்டி. பெண் பார்க்க வரும் நாள் நெருங்க நெருங்க உலகம்மை சோற்றைப் பிசைந்தாள், தின்னவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். பிச்சம்மாள் இரவல் வாங்கின பவுடர் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

நீலம்மை தன் அண்ணனோடு வில்வண்டியில் வந்து இறங்கினாள். நல்ல உயரம், வலமூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, எதையும் தொட்டுப் பார்க்கிற கண். பிச்சம்மாள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தபடி வந்து வணங்கினாள்.

"கழுத்துல என்ன மக்கா, சுளுக்கா?" என்றாள் நீலம்மை. தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். பவுடருக்கு அடியில் மிளகு தெரிந்தது. இந்தக் கன்னத்தைப் பார்த்தாள், அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு எழுந்தாள்.

"பொண்ண மாத்திட்டியளே! படத்துல உள்ளவ எங்க? தங்கச்சியக் காட்டி அக்காளக் கெட்டி வைக்கலாம்னு பாத்தியளோ?"

"பகவதி சத்தியமா எனக்கு ஒரே மகதான்!" பகவதியம்மை அவள் வழியை மறித்தாள். 

உள்ளே இருந்து உலகம்மை கண்ணாடியும் மையுமாக வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மாமியார் முறைத்ததை அவள் பார்க்கவேயில்லை. கண்ணாடியில் மையைப் பரத்தினாள், நீலம்மையை ஏறிட்டுப் பார்த்தாள், ஈர்க்கிலால் மளமளவென்று கீறினாள். தாளை வைத்துத் தேய்த்து உரித்துக் கையில் கொடுத்தாள்.

"இது ஆரு?"

"நீங்கதான் பெரியம்மா."

"எனக்கா இவ்வளவு பெரிய மூக்கு?"

"இது கொஞ்சம் கொறச்சுல்லா போட்டிருக்கு!" என்றார் அவளுடைய அண்ணன்.

நீலம்மை அவரைச் சட்டைசெய்யவில்லை. படத்தில் மூக்குத்தி இடமூக்கில் இருந்தது. அவள் விரல் தானாகத் தன் மூக்குக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

"எல்லாம் இப்படி மாறித்தான் வரும். மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு. பிச்சம்மா மேல தப்பில்ல. மறுவ விடாதீங்கோன்னு சொன்னதே அவதான்" என்றாள் உலகம்மை.

நீலம்மை இன்னொரு தரம் பிச்சம்மாளின் கன்னத்தைப் பார்த்தாள். "ஆளு மாறல்ல. அத நான் ஒத்துக்கிடுகேன். ஆனா மறு வலத்துலதானே இருக்கு" என்றாள். வெற்றிலைத் தட்டைத் தொடாமலே வண்டி ஏறினார்கள். போகும்போது தன் படத்தை மட்டும் மறக்காமல் எடுத்துப்போனாள்.

அதன்பிறகு சுசீந்திரத்திலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. மாமியார் மருமகளோடு முகம்கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். மைக்கிண்ணியைத் தொட உலகம்மைக்கு மனம் வரவில்லை. கை மட்டும் அடங்காமல் முந்தானை நுனியைத் திரித்தபடி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று அவளை அரித்தது. முறிந்துபோன சம்பந்தத்தில் பெண்ணின் முகம் எவன் பெட்டியிலோ கிடக்கலாமா? நாளைக்கு இன்னொரு வரன் வந்து, அது ஏன் அங்கே என்று கேட்டால்?

"போயி அந்தப் படத்த வாங்கிட்டு வாங்கோ" என்று குலசேகரனை நச்சரித்து, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வெறுங்கையோடு வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்து, எல்லோரும் காத்து நிற்பதைக் கொஞ்சம் அனுபவித்துவிட்டுத்தான் பேசினான்.

"தரமாட்டேன்னுட்டான்."

"ஏனாம்?" என்றாள் பகவதியம்மை.

"காரணம் சொல்லல்ல. வேணும்னா நீங்க வேற ஒண்ணு போட்டுக்கிடுங்கோன்னான்."

"வேற ஒண்ணு வராதுன்னு சொன்னியளா?" என்றாள் உலகம்மை.

"சொன்னேன். ஒரு கண்ணாடிக்கு ஒண்ணுதான், அது போனாப் போனதுதான்னு சொன்னேன். அப்பம் நிச்சயமா தரமாட்டேன்னு பெட்டியப் பூட்டித் தாக்கோல மடியில சொருகிக்கிட்டான். மறு வலத்துலன்னு அத்தை எழுதிவிட்டாளாம், தெரிஞ்சும் ஆனி மாசம் லீவு போட்டு வாறானாம். அத்தைகிட்ட அவனே பேசுகானாம்."

கதவுக்குப் பின்னால் பிச்சம்மாளின் வளையல் சத்தம் கேட்டது.

"நீலம்மை சம்மதிக்கணுமே" என்று பகவதியம்மை முனகினாள். சம்மதிப்பாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனிக்கு இன்னும் இரண்டு மாசம் கிடந்தது. உலகம்மை எழுந்து அடுக்களைக்குப் போனாள், புறவாசலுக்கு வந்தாள், மறுபடி அடுக்களைக்குப் போனாள்.