முதல் பக்கத்துக் கையெழுத்து

ஹில்டாவுக்குக் கையெழுத்துப் பைத்தியம். இதை ஊரறியச் சொன்னவர் அவருடைய கணவர் ஜெரோம்தான், சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கல்யாணத்தன்று கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து, “ஃபாதர், இதுலயும் ஒண்ணு” என்று நீட்டிய மணப்பெண் அவர். பின்னாளில் ஜெரோமுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஹில்டா பேனாவை நீட்டினார்.

தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். பீரோவில் பட்டுப்புடவை இருக்கவேண்டிய தட்டில் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. பாடகர்கள், ஆட்டக்காரர்கள், ஒரு மாஜி மந்திரி, பேருந்து ஓட்டிய ஒரு பெண், சர்க்கஸில் சிங்கத்தோடு நின்ற ஒருவர் என்று எல்லாரும் அதில் உண்டு. நேரில் பிடிக்க முடியாதவர்களுக்குத் தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு கடிதம் போடுவார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அடியில் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிடுவார். ஒருவரிடம் ஒருமுறைதான் வாங்குவது என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம்.

இந்தப் பைத்தியம் பிடித்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வருஷம் 1971, வயது பதினொன்று. அப்போது தாம்பரம் ஒரு சின்ன ஊர். ரயில் போய்விட்டால் அடுத்த ரயில் வரும்வரை ஸ்டேஷன் சாலையில் நாய்கள் நிம்மதியாகத் தூங்கும். அப்பா ரயில்வேயில் கார்டு, குடியிருப்பு ரயில்வே குவார்ட்டர்ஸ். பள்ளி விளையாட்டு விழாவுக்கு மாநில அணியில் ஆடிய கால்பந்து வீரர் வேதமணி தலைமை விருந்தினர். ஹில்டாவையும் தோழி சரசுவையும் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் வேலையில் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு அம்பாசிடர் கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் இறங்கினார். ஹில்டா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, கணக்கு நோட்டையும் அப்பாவின் பேனாவையும் நீட்டினாள். அவர் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் பானெட்டின் மேல் வைத்து ஒரு சுழி, ஒரு கோடு, அடியில் இரண்டு புள்ளி என்று போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்த விழாவை ஹில்டா பார்க்கவே இல்லை. பேனா மூடியைக் காணோம். மேடையில் பரிசு கொடுத்து முடிக்கும்வரை குழாயடிப் புதரில் நான்கு காலில் தவழ்ந்து தேடினாள். கிடைக்கவில்லை. வீட்டில் முதுகு பழுத்தது. ஆனாலும் அந்தத் தாளைக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்து, ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, அடியில் பென்சிலால் ‘வேதமணி’ என்று எழுதினாள். ஐம்பத்து நாலு வருஷமாக, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஹில்டா அந்தக் கதையை ஒரே மாதிரி சொல்லிவந்தார்: “எவ்வளவு பெரிய ஆளு. தானே கார் ஓட்டிக்கிட்டு வந்தார். அவ்வளவு எளிமை.”

இப்போது குடியிருப்போர் சங்கம் அவருடைய நோட்டுகளைக் கண்காட்சியாக வைக்க ஆசைப்பட்டது. செயலாளர் கிரீஷ் ஐ.டி. கம்பெனிப் பையன், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டான். புதன்கிழமை மாலை ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தான்.

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. வேதமணி சாரோட பேரன்கிட்ட பேசினேன். அவர் தாத்தா சைன் பண்ண பழைய லெட்டர் அனுப்பியிருக்கார். நம்மகிட்ட இருக்கறது மேட்ச் ஆகல.”

படத்தில் பள்ளிப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல் முழுப்பெயரும் முத்து முத்தாக இருந்தது. சுழியும் இல்லை, புள்ளியும் இல்லை.

“அவசரத்துல போட்டிருப்பார்பா” என்றார் ஹில்டா.

“இருக்கலாம் ஆன்ட்டி. இன்னொண்ணு சொன்னார். தாத்தாவுக்குக் கார் ஓட்டவே தெரியாதாம்.”

கிரீஷ் போனபின் ஹில்டா காபியில் உப்பைப் போட்டார். குடித்தும் முடித்தார். கையெழுத்துப் போட்டவர் வேதமணி இல்லையென்றால் அது யார்? அந்த முதல் கையெழுத்து பொய்யென்றால் மற்ற நோட்டுகளெல்லாம் எதன் மேல் நிற்கின்றன? மூடியைத் தேடிய புதர் நினைவிருக்கிறது, வாங்கிய அடி நினைவிருக்கிறது, அந்த முகம் மட்டும் பிடிபடவில்லை. நினைக்க நினைக்கப் பத்திரிகைப் படத்தில் பார்த்த வேதமணியின் முகம்தான் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கீழ்க்கட்டளையில் இருக்கும் சரசுவுக்கு ஃபோன் போட்டார்.

“அந்தாளு வேதமணி இல்லடி” என்றாள் சரசு, சாம்பாரில் என்ன காய் என்று சொல்வதுபோல. “நீ புதர்ல பூந்துகினு இருந்தே. நான் மேடையப் பாத்தேன். அங்க குந்திகினு இருந்தவரு குண்டு, கண்ணாடி போட்டுகினு இருந்தாரு. ஸ்கூல் கேட்டாண்டையே பேண்ட் அடிச்சி, மாலைய போட்டு, எறக்கி இட்டுகினு வந்துட்டாங்க. காலி வண்டிதான் பின்னால வந்துச்சி.”

“இத ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?”

“அன்னிக்கே சொன்னேன். மூணு நாளு எங்கூடப் பேசாம கெடந்தியே.”

அந்த மூன்று நாள் ஹில்டாவுக்கு நினைவிருக்கிறது. சண்டை ஒரு ரிப்பனுக்காக என்றல்லவா நினைத்திருந்தார்.

“அப்ப யாருடி அது?”

“வண்டிய ஓட்டிகினு வந்த டிரைவராத்தான் இருக்கும். எங்கப்பா டீக்கடையாண்ட டாக்சி ஸ்டாண்டு இருந்துச்சில்ல, அதுல மொத்தமே மூணு வண்டி. ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாங்க. அப்பாதுரை அண்ணா மட்டும் கீறாரு, பீர்க்கன்கரணையில பொண்ணு வூட்ல. ஆனா அவருதானான்னு எனக்குத் தெரியாது.”

வெள்ளிக்கிழமை காலை, நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஹில்டா பீர்க்கன்கரணைக்குப் போனார். நான் இல்லை என்று அவர் சொல்லிவிடவேண்டும் என்று ஆட்டோவில் வழிநெடுகச் செபம் சொன்னார். கூடவே, அவரும் இல்லையென்றால் வேறு யாரிடம் போய்க் கேட்பது என்றும் பயந்தார். இரண்டில் எது வேண்டும் என்று கடவுளே திருப்பிக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார்.

எண்பத்தொரு வயது அப்பாதுரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் நீர்மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹில்டா பக்கத்தைத் திறந்து காட்டினார். அவர் நோட்டை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

“என்னுதா இன்னான்னு எனக்கே தெரிலம்மா. மாப்ளைங்க, ஆட்டக்காரங்க, பொணம், எல்லாத்தையும் ஏத்திகினு போய்கீறேன். ஸ்கூலுக்கும் போய்கீறேன்.”

“ஒரு தரம் போட்டுக் காட்டறீங்களா அண்ணா?”

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது தானாக ஆடியது. “பேங்க்லயே கைரேகதான் வாங்கறாங்க.”

“அன்னிக்கு நல்ல வெயில். குழாயடியில கார் நின்னுச்சு.”

“நான் வந்த அன்னிக்கி மழைம்மா. வண்டி பூரா சேறு.”

ஹில்டாவுக்கு உயிர் வந்தது. மழை என்றால் இவர் இல்லை. கண்டிப்பாக வெயில்தான் அடித்தது. அல்லது முழங்காலெல்லாம் சேறாகி அதற்கும் சேர்த்துத்தான் அடி விழுந்ததா? வந்த உயிர் பாதியில் நின்றது. போதும் என்று நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

“பையனுங்க வருவானுங்க, வண்டியத் தொட்டுப் பாப்பானுங்க, ஓடிருவானுங்க” என்றார் அப்பாதுரை, தனக்குத்தானே பேசுவதுபோல. “ஒரே ஒரு பொண்ணுதான் நோட்டு நீட்டுச்சி. மூடிய வாயில கடிச்சிகினு போட்டேன். அப்பறம் ஸ்டாண்டுக்கு வந்து பீடி பத்தவைக்கலாம்னு பாக்கெட்ல கைய வுட்டா, பேனா மூடி கீது. கறுப்பு மூடி.”

ஹில்டா எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். மூடியைப் பற்றி ஹில்டா அவரிடம் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சரசுவிடம்கூட ஃபோனில் சொல்லவில்லை.

“மறுநாளு ஸ்கூலாண்ட எடுத்துகினு வந்தேம்மா. மணி அடிச்சதும் எல்லாம் வெளிய வருதுங்க. எல்லாம் ஒரே பாவாட, ஒரே ரெட்ட ஜடை. எந்தப் பொண்ணுன்னு தெரில.”

“நான்தான் அண்ணா” என்றார் ஹில்டா. ஏமாந்த கோபமா, மூடி போன இடம் தெரிந்த நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வரவில்லை. “நான் டிரைவர்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“நீ கையெழுத்துதானம்மா கேட்டே. யாருன்னு கேக்கலியே. எனக்குப் படிப்பு இல்ல. லைசென்சுக்கோசரம் கத்துகினது அந்தக் கையெழுத்து. ஆபீஸ்ல கேப்பான், போடுவேன். ஆசப்பட்டு ஒருத்தரு கேட்டது அன்னிக்கி மட்டுந்தான். வூட்ல சொன்னேன், பொண்டாட்டி நம்பல.”

உள்ளேயிருந்து மகள், “எங்கிட்டயும் இத நூறு வாட்டி சொல்லிக்கீது. நானும் நம்பினதில்லக்கா” என்றாள்.

ஹில்டா நோட்டை மறுபடியும் எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து மகளிடம் கொடுத்தார். மகள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, அந்தச் சுழியையும் இரண்டு புள்ளியையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

அன்று மாலை ஹில்டா அழிப்பானை எடுத்து உட்கார்ந்தார். அந்தப் பழைய பென்சில் எழுத்து லேசில் போகவில்லை. வேதமணி நிழலாகத் தங்கிவிட்டார். அதன் மேலேயே புதுப் பெயரை அழுத்தி எழுதினார். வெயிலா மழையா என்பது மட்டும் கடைசிவரை தெளியவில்லை. சரசுவைக் கேட்டால் அவள் மூன்றாவதாக ஏதாவது சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை கிரீஷ் தயங்கித் தயங்கி வந்தான். “ஆன்ட்டி, முதல் பக்கத்தை எடுத்துடலாமா? இல்ல, ‘அடையாளம் தெரியாதவர்’னு கார்டு வெச்சிடவா?”

“அடையாளம்லாம் தெரியும். அப்பாதுரைன்னு பேர் போடு.”

“யார் ஆன்ட்டி அவர்? கீழ ஒரு வரி எழுதணுமே.”

ஹில்டா யோசிக்கவே இல்லை. ஐம்பத்து நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான வரி, ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

“தானே கார் ஓட்டிக்கிட்டு வந்தார்னு போடுப்பா.”