தோரணத்துக்குப் போன இலைகள்

திருப்பதியில் ஒரு காலேஜில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. அங்கே ஆராய்ச்சி செய்கிற சித்தூர்ப் பெண் ஒருத்தி, தொட்டியில் வளர்ந்த மாங்கன்றின் இலைகளில் வெள்ளிப் பசையால் கோடு போட்டு வைத்திருந்தாள். கோட்டில் ஒயரை மாட்டினால் கரண்ட் இலைக்குள் புகுந்து வெளியே வரும், சின்ன பல்பு எரியும். இலை செடியிலேயே உயிரோடு இருக்க வேண்டும். அவள் ஆராய்ச்சியே அதுதான். அதைப் பார்த்துப் பட்டம் கொடுக்க வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது.

அந்த வருஷம்தான் என் மனைவி இறந்திருந்தாள். வேலைக்குப் போனேன், வந்தேன். சாப்பிட்டதில் உப்பு இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெரியவர்கள் வந்தால் வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்டுவது எப்போதும் நான்தான். அன்றைக்கும் ஏணியை எடுத்தேன். காலேஜ் அட்டெண்டர் அதைப் பிடித்துத் தடுத்தார்.

"இன்னா நைனா, வூட்ல சாவு உயுந்து வருஷம் திரும்பல. நீ தோரணம் கட்னா அந்தப் பொண்ணு பாஸான மாதிரிதான். வுடு, நான் கட்டிக்கிறேன்."

அவர் சொன்னது ஊர் வழக்கம்தான். ஏணியைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் தண்ணீர் விடப் போனேன்.

திரும்பி வந்தபோது தோரணம் தொங்கியது. நடு இலைகளில் வெள்ளிக் கோடு. தொட்டியில் கொழுந்து மட்டும்தான் மிச்சம். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நீதான் தோரணத்துக்கு சிங்காரிச்சி வெச்சிக்கிறன்னு நெனச்சிட்டேம்மா" என்றார் அட்டெண்டர்.

பெரியவர்கள் வந்து உட்கார்ந்ததும் அவள் தோரணத்திலிருந்து ஓர் இலையை அவிழ்த்து ஒயரை மாட்டினாள். பல்பு எரிந்தது. வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, "பாகுந்தி" என்று மெச்சினார். பிறகு, செடி எங்கே என்று கேட்டார். காலையில் பறித்துவிட்டார்கள் என்று அவள் தெலுங்கில் சொன்னாள். செடியில் இருக்கும் இலையில் காட்டினால்தான் பட்டம், இன்னொரு முறை வருகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"கொழுந்து முத்த எவ்ளோ நாளாகும்ணா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆகும்மா."

"நீங்க கட்டியிருந்தா இதுல கை வெச்சிருப்பீங்களா?"

"இல்லம்மா. பின்னால பெரிய மாமரம் கீது."

அவள் அழுதாள். எனக்கும் ஏதாவது வரும் என்று பக்கத்தில் நின்றேன். வரவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் விட்டேன்.